ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது

நல்லையா முதலாளி சட்டம் படித்தது பண்டாரவளையில் ஒரு கல்யாணப் பந்தியில். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சிமெந்துக் கடைக்காரர் சொன்னார்: புதுச் சட்டம் வந்துவிட்டது, நொத்தாரிசு முன்னால் எழுதிய ஒப்பந்தம் கையில் இருந்தால் போதும், தவணை முடிந்தும் எழும்பாதவனை வழக்கு இழுபடாமல் எழுப்பிவிடலாம். வலப்பக்கம் இருந்த பென்சன்காரக் கிளார்க் சொன்னார்: இன்னொரு சட்டமும் பேச்சில் இருக்கிறது, கடுதாசி இல்லாமல் குந்தியிருப்பவனைக்கூட இனிமேல் கோடு தீர்ப்புச் சொல்லாமல் அசைக்க முடியாதாம். நல்லையா இரண்டையும் பாயசத்தோடு சேர்த்து விழுங்கினார். பாயசம் செரித்தது. சட்டம் செரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய வேன் பெரகலச் சந்தியில் சுதர்ஷினியின் மில்லுக்கு முன்னால் வந்து நின்றது.

சுதர்ஷினி அப்போது யாருடைய மல்லியையோ அரைத்துக்கொண்டிருந்தாள். தலையில் துவாய், புருவம் வரை மிளகாய்த் தூள். மாசம் பிறந்தால் வாடகைக்கு மட்டும் கண்ணில் படுகிற மனிதர் மாச நடுவில் வந்து இறங்குகிறார் என்றால் நல்லதுக்கு இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். அவர் வெள்ளைச் சப்பாத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, மாவு படாத இடமாகப் பார்த்து உள்ளே வந்தார். மாவு படாத இடம் அந்த மில்லில் கிடையாது. பின்னால் கல்யாண வீடியோ எடுக்கிற ஷுக்ரி, கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி.

"இந்தாம்மா, மெசின நிப்பாட்டு. சட்டம் பேசணும்."

"அரைச்சிட்டுப் பேசலாங்க மொதலாளி. மல்லி பாதியில நின்னா கசந்துரும்."

மல்லி பாதியில் நின்றால் ஒன்றும் கசக்காது. அவரைக் காக்க வைப்பதில் அவளுக்குச் சின்னதாக ஒரு ருசி இருந்தது, அவ்வளவுதான். அவளுடைய புருஷன் தினேஸோ அதற்குள் ஒரு நாற்காலியைத் தன் சட்டையாலேயே துடைத்து, "உக்காருங்க சேர், உக்காருங்க சேர்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டான். நல்லையாவுக்கு 'சேர்' என்ற அந்த இங்கிலீஷ் மரியாதை என்றால் உயிர். முதலாளி என்றால் ஏதோ பாக்குக் கடைக்காரனைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறதாம். அதனால்தான் சுதர்ஷினி முதலாளி என்றே கூப்பிட்டாள்.

அந்த மனிதர் பிறந்தது இதே சந்திக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தாத்தா கங்காணி. அப்பா கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலை. இப்போது பண்டாரவளையில் மாடி வீடு, வாசலில் இரும்புக் கேட்டு, கேட்டில் சிங்கத் தலை. லயத்தில் பிறந்ததை அவர் மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மறந்துவிட்டதை மட்டும் அடிக்கடி எல்லாருக்கும் ஞாபகப்படுத்துவார். "இந்தத் தோட்டத்தாளுங்களே இப்படித்தான்" என்று அவர் சொல்லும் தோரணையில், எங்கோ தூர தேசத்து மிருகக் காட்சிச் சாலைக்குப் போய் வந்தவர்போல் இருக்கும்.

மில் நின்றது. நல்லையா தொண்டையைச் செருமினார். மிளகாய்த் தூள் ஏறிவிட, இன்னும் இரண்டு தடவை செருமினார்.

"இனிமே வாய்ப்பேச்சு வாடகை கெடையாது. சட்டம் மாறிருச்சு. வர்ற பௌர்ணமி, போயா லீவு அன்னைக்கு சாமான் சட்டெல்லாம் வெளிய எடுத்து, வெறும் எடமா என் கையில ஒப்படைக்கணும். மறுநா காலையில லோயர் ஒப்பந்தத்தோட வருவாரு. கையெழுத்து வெச்சிட்டுத் திரும்ப உள்ள வாங்க. ஒரு வருசத்துக்கு."

"ஒரு வருசத்துக்கு அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம். நாம குடும்பம் மாதிரிதானேம்மா."

நல்லையா குடும்பம் என்று சொல்லும்போதெல்லாம் சுதர்ஷினிக்குக் கல்லாப் பெட்டியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

"எதுக்குங்க வெளிய எடுத்து உள்ள வெக்கணும்? இருக்கிற எடத்துலயே கையெழுத்து வெச்சா ஆகாதா?"

"ஆகாது! பழசு அறுந்து போகணும். நீ பழைய ஆளா உள்ளயே இருந்தா அந்தச் சட்டம் உன்னயப் புடிச்சிக்கும். வெளிய போய்ப் புது ஆளா வந்தா இந்தச் சட்டம் என்னயப் புடிச்சிக்கும்." தனக்கே விளங்காததை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில் அவருக்கே ஒரு மகிழ்ச்சி. எழுந்து நின்று விரலை ஆட்டினார். "நல்லாக் கேட்டுக்க. உங்க பொருள் ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. செவத்துல ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது. ஆணி இருந்தா நீங்க இருக்கிறதா அர்த்தம்."

"சத்தம் சரியா விழல்ல மொதலாளி" என்றான் ஷுக்ரி. "லொறி ஒண்டு போச்சு. இன்னொருக்கா சொல்லுங்க."

நல்லையா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தேர்தல் மேடையில் நிற்பவர்போல் கையை உயர்த்தி, போனைப் பார்த்து முழங்கினார். "நீங்க கொண்டாந்தது எல்லாத்தயும் நீங்களே எடுத்துறணும்! ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது!"

"இப்ப நல்லா விழுந்திச்சி" என்றான் ஷுக்ரி.

போகிற போக்கில் நல்லையா பின் ஜன்னலண்டை நின்று வெளியே எட்டிப் பார்த்தார். அங்கே மலை திடீரென்று முடிந்துவிடும். கீழே தெற்குச் சமவெளி, நீலமாக, கடல் இருக்கும் திசை வரைக்கும். "என்னா வியூ!" என்றார் தனக்குள். அப்போதுதான் சுதர்ஷினிக்குச் சட்டம் விளங்கியது. வெள்ளைக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுக்கிற வளைவு இது. ஒரு வருசம் கழித்து இங்கே மில் இருக்காது. கண்ணாடிக் கோப்பையில் கோப்பி இருக்கும்.

அன்று மத்தியானம் தினேஸ் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "கையெழுத்து வெச்சிருவோமே. ஒரு வருசமாவது நிம்மதியா ஓட்டலாம்."

"ஒரு வருசம் நிம்மதி. அதுக்கப்புறம் மெசின உன் தலையில வெச்சிக்கிட்டு எங்க போவ?"

அவன் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான். போக இடம் இருந்தால்தானே சொல்வதற்கு. மில் போட்டபோது இருவரும் தோட்டத்து வேலைக் கணக்கில் பேர் வெட்டிக்கொண்டு வந்தவர்கள். பேர் இருக்கிற வரைக்கும்தான் லயத்துக் காம்பரா; பேர் போனால் காம்பராவும் போச்சு. அந்தக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். மில்லும் அதன் பின்னால் தடுத்த ஓர் அறையும்தான் அவர்களுக்கு வேலை, வீடு, ஊர் எல்லாம்.

ஆனால் தினேஸுக்குப் பணிவு ஒரு வியாதி. தோட்டத்தில் தொரைக்குக் குனிந்த முதுகு, தொரை இல்லாத இடத்திலும் யாராவது கிடைப்பார்களா என்று தேடிக்கொண்டிருந்தது. சுதர்ஷினி அவனைப் பார்த்து அலுத்துப்போய், அடுத்த நாளே பதுளைக்கு பஸ் ஏறினாள்.

பதுளையில் ஒரு சட்டத்தரணி அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க வெளியேறவே தேவையில்ல. வாய்ப்பேச்சு வாடகையும் வாடகைதான். எழுப்பணும்னா அவர் வழக்குப் போடட்டும். நீங்களா எடத்த ஒப்படைச்சா அந்தப் பாதுகாப்பு போயிரும். அவர் சொல்ற மாதிரி நொத்தாரிசு முன்னால கையெழுத்து வெச்சா, தவணை முடிஞ்சதும் சுருக்கா எழுப்பிருவார். அதுக்குத்தான் இந்த அவசரம்."

"வழக்குன்னா எவ்வளவு காலங்க போகும்?"

அவர் விட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். அதுதான் பதில்.

சுதர்ஷினி சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, செவரு அவரோடது. கூர, கதவு, ஜன்னலு, வயரு எல்லாம் நாங்க போட்டது. போகும்போது அதக் கழட்டிட்டுப் போலாங்களா?"

"சாதாரணமா முடியாது. அவர் சம்மதிக்கணும். எழுத்துல தரவா போறார்?"

"எழுத்துல இல்லீங்க. வீடியோவுல இருக்கு." சுதர்ஷினி, அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள், கையையும் உயர்த்திக் காட்டி.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அத முதல்ல வாங்கி வெச்சிக்கங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுதர்ஷினி ஜன்னலில் தலை சாய்த்து யோசித்தாள். சட்டம் அவள் பக்கமும் இருக்கிறது, அவர் பக்கமும் இருக்கிறது. நல்ல பிள்ளைபோல இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறது. அவள் அசையாமல் உட்கார்ந்துகொள்ளலாம். நல்லையா வழக்குப் போடுவார். தவணைக்குத் தவணை மில்லைப் பூட்டிவிட்டுக் கோட்டுப் படியில் காத்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் அவருடைய தாங்கியிலிருந்து வருகிறது. போன தடவை வாடகை கூட்டியபோது முகத்தைச் சுளித்தாள் என்று அதை மூடி வைத்திருந்தார். இத்தனையும் எதற்கு? நல்லையாவின் சுவருக்குள் இருக்கும் பாக்கியத்துக்கு. வழக்கில் தோற்பதைவிட, வென்று அந்த மனிதரின் முகத்தை மாசாமாசம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாகத் தோன்றியது.

அவர்கள் மில் போட வந்தபோது அந்த இடம் செத்துப்போன ஒரு மோட்டார்க் கராஜ். நாலு சுவர், நடுவில் ஒரு கொய்யா மரம். மேலே வானம். "கூரைய நீங்க போட்டுக்கங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று நல்லையா தாராளமாகச் சொன்னார். கேட்கவும் இல்லை. கொய்யா மரத்துக்கு ஓர் இடைவெளி விட்டுக் கூரை வந்ததும் "இப்ப எடம் நல்லா இருக்கே" என்று வாடகையைக் கூட்டினார். கதவு வந்ததும் ஒருதரம். ஜன்னலுக்கும் ஒருதரம்.

சுற்றியுள்ள தோட்டங்களில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சுவர் கம்பனியோடது, தகரம், கதவு, முன்னால் இழுத்துக் கட்டிய குசினி எல்லாம் இருக்கிறவனோடது. லயம் மாறும்போது அவற்றைக் கழற்றிக்கொண்டுதான் போவார்கள். நல்லையா குடும்பம் மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்கு மாறியபோதும் அப்பன் தலையில் தகரம், அம்மா தலையில் கதவு, பையன் கையில் கதவின் தாழ்ப்பாள். மழையில் நனைந்துகொண்டு அவர்கள் இறங்கி வந்ததைப் பார்த்த கிழடுகள் இன்னும் இருக்கிறார்கள். தாழ்ப்பாளைத் தூக்கி வந்தவருக்கு மட்டும்தான் அது மறந்துபோயிற்று.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுதர்ஷினி நேரே பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாள். அது ஸஜீதாவின் சொந்தக் கடை. வாப்பா எழுதி வைத்தது. கடைக்குப் பின்னால் முன்பு மரம் அறுத்து விற்ற பழைய மரக்காலை ஒன்று, தூண் மட்டும் நிற்க, தளம் மட்டும் கிடக்க, சும்மா இருந்தது.

"அக்கா, பின்னால உள்ள எடத்த எனக்கு வாடகைக்குத் தாறீங்களா?"

"எத்தன தரம் செல்லீக்கிறேன், எடுத்துக்கோ புள்ளண்டு! இப்பதான் அறிவு வந்தீக்குது." ஸஜீதா தேத்தண்ணியை நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தாள்.

"நொத்தாரிசு முன்னால எழுதணும். பத்து வருசத்துக்கு. நடுவுல எழுப்பக் கூடாது, வாடக எப்பிடிக் கூடும்னு அதுலயே இருக்கணும். தண்ணியும் அதுல இருக்கணும்."

ஸஜீதாவின் முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. "நமக்குள்ள எதுக்கு புள்ள கடுதாசி? நான் என்ன நல்லையாவா?"

"இன்னைக்கு இல்லீங்க அக்கா. எடத்துக்காரியா ஆனப்புறம் ஆயிருவீங்களோ என்னமோ. பக்கத்துலதானே அவரு செவரு இருக்கு, காத்துல பரவும்."

ஸஜீதா முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்ட வாய்க்கே தனியா வாடக போடணும்" என்றாள். அந்த வாரமே இருவரும் பண்டாரவளைக்குப் போய், நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்தார்கள். ஷுக்ரியிடமிருந்து வீடியோவும் போனுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பண்டாரவளைக் கல்யாணத்தில் தன்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை என்ற கோபம் அவனுக்கு இருந்தது. வீடியோக்காரனைப் பந்தியில் உட்கார விடாதவர்களில் நல்லையாவும் ஒருவர்.

போயா அன்று காலையிலேயே தோட்டத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக்கூட அவ்வளவு சுறுசுறுப்பாக அவர்கள் வந்ததில்லை. நல்லையா முதலாளி ஆணிகூட இருக்கக் கூடாது என்றாராம் என்ற செய்தி மேலே ஏறி, லயம் லயமாகச் சுற்றி, இன்னும் காரசாரமாகக் கீழே இறங்கியிருந்தது. கூரை போட்ட முருகையா பாஸ்தான் முதலில் ஏறினார்.

"அன்னைக்குப் போடும்போது, கழட்டத் தோதாப் போட்டுக்க அண்ணேன்னு இந்தப் புள்ள சொல்லுச்சு" என்றார் மேலிருந்து. "அப்ப நான் சிரிச்சேன்."

முதலில் மெசினை இரும்புக் குழாய்கள் மேல் ஏற்றி, ஏலேலோ போட்டு, சந்தி ஓரமாக உருட்டிக்கொண்டு போனார்கள். பஸ்காரன் நிறுத்தி வழிவிட்டான். பிறகு தகரம் கைமாறிக் கைமாறி இறங்கியது. வளை, மரம், ஜன்னல், நிலையோடு கதவு. வயர், சுவிட்சு, பல்பு மாட்டுகிற கூடு. ஒருவன் கொய்யா மரத்தைப் பார்த்து, "இதுவுமா?" என்றான். "அது அவரோடது. வந்தப்பவே நின்னுச்சு, நிக்கட்டும்" என்றாள் சுதர்ஷினி. கடைசியில் நாலைந்து பேர் கொறடோடு சுவர்களைச் சுற்றி வந்து ஆணியாகப் பிடுங்கி, ஒரு பால்மாத் தகரத்தில் போட்டார்கள். சாமிப் படம் மாட்டிய ஆணியையும், கலண்டர் ஆணியையும், என்னத்துக்கு அடித்தது என்று யாருக்கும் தெரியாத ஆணிகளையும்.

தினேஸ் காலையில் ஒரு மூலையில் கைகட்டி நின்றான். "சேர் கோவிச்சுக்குவாரு" என்று சொல்லிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. கதவைக் கழற்றும்போது ஆள் போதாமல், "இந்தப் பக்கம் புடிங்க" என்றாள் அவள். பிடித்தான். பிடித்த பிறகு அவனுக்குக் கையை விட மனம் வரவில்லை. மத்தியானம் ஆகும்போது எல்லாரையும்விட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தான்.

பின்நேரம், பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது நல்லையா வந்தார். வேனிலிருந்து இறங்கியவர் முதலில் தப்பான இடத்தில் இறங்கிவிட்டதாக நினைத்துச் சந்தியை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு சுவர்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னாது இது? கூர எங்க?"

"எடுத்தாச்சுங்க மொதலாளி. ஒண்ணு விடாம எடுக்கச் சொன்னீங்களே."

"கதவு?"

"அதுவும் நாங்க கொண்டாந்ததுதானே."

"சாவியக் குடு!" என்றார், வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல்.

"சாவி எதுக்குங்க, கதவே இல்லாம? பூட்டும் எங்களோடதுதான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுதர்ஷினி பால்மாத் தகரத்தை அவர் முன்னால் நீட்டி ஆட்டிக் காட்டினாள். "ஆணி எல்லாம் இதுல இருக்கு. உள்ள போய் செவத்தத் தடவிப் பாத்துக்கங்க. ஒண்ணு கெடந்தாலும் சொல்லுங்க, வந்து எடுத்துக்கிறோம்."

"இது களவு! பொலிசுக்குப் போவேன்!"

"வாங்க, நானும் வாறேன். நீங்க பேசுனத அவங்களுக்கும் போட்டுக் காட்டலாம்." அவள் போனை எடுத்து அமுக்கினாள். நல்லையாவின் குரல் சந்தி முழுக்க முழங்கியது: *நீங்க கொண்டாந்தது எல்லாத்தயும் நீங்களே எடுத்துறணும்!* ஷுக்ரி தன் வேலையின் தரத்தை ரசிப்பவன்போல் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

நல்லையா குரலைத் தாழ்த்தினார். "இந்தாம்மா, நாளைக்குக் கொழும்புலருந்து ஆள் வாறாங்க எடம் பாக்க. தகரத்தயாவது வித்துட்டுப் போ."

நாளைக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதாகச் சொன்ன அதே நாளைக்கு. ஒரு வருசம்கூட அவள் கையில் கொடுக்க அவருக்கு மனசில்லை என்பது அப்போதுதான் கூட்டத்துக்கு விளங்கியது. யாரும் இப்போது சிரிக்கவில்லை. தினேஸ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"விக்கிறதுக்கில்ல நல்லையா அண்ணே" என்றான். 'சேர்' எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

"வாடகைக்குன்னா யோசிக்கலாம்" என்றாள் சுதர்ஷினி. "வாய்ப்பேச்சு ஆகாது. நொத்தாரிசு முன்னால எழுதிக்கிருவோம்." பின் ஜன்னல் இருந்த ஓட்டையைக் கண்ணால் காட்டினாள். "வியூதானே வேணும்னீங்க? முன்ன விட இப்ப நல்லாத் தெரியுது."

கொழும்பு ஆட்கள் வந்தார்கள். காரை விட்டு இறங்காமலே பார்த்தார்கள். போனார்கள்.

மரக்காலையில் கூரை ஏறிவிட்டது. ஆனால் கரண்டு ஏறுவதற்குள் சுதர்ஷினியின் பாதி வாடிக்கை அப்புத்தளைக்குப் போய்விட்டது. மின்சார சபைக்காரர்கள் இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று இழுத்தார்கள். அந்த நாட்களில் அவளும் தினேஸும் ஸஜீதாவின் கடையில் ரொட்டி தட்டிக் கொடுத்துத்தான் சாப்பிட்டார்கள். ராத்திரியில் அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. அதைத் தினேஸிடம் சொல்லவில்லை. கம்பத்திலிருந்து வயர் வந்த அன்று, முதலில் தன் சொந்த மிளகாயைத்தான் போட்டாள். மெசின் ஒருதரம் முனகி, உதறி, பிறகு பழைய சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. காற்று பள்ளத்திலிருந்து வீசி, மிளகாய் நெடியை அந்த நாலு சுவருக்குள் கொண்டுபோய்க் கொட்டியது.

உள்ளே நல்லையா இருந்தார். குடை பிடித்தபடி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில். கதவில்லாத இடத்துக்குள் எவனாவது வந்து குந்திவிட்டால், அந்தக் கிளார்க் சொன்ன சட்டம் அவனைக் காப்பாற்றிவிடும் என்ற பயம் அவருக்கு. கூரை போடலாம் என்றால், கூரை போட்ட இடத்தில் குந்துவது இன்னும் சுகமாயிற்றே என்று அதற்கும் பயம். காவலுக்கு ஆள் வைக்கவும் மனமில்லை, அவனே குந்திவிட்டால்? ஆகவே முதலாளியே தினமும் பண்டாரவளையிலிருந்து வேனில் வந்து, தன் சுவர்களுக்குத் தானே காவல் இருந்தார். மிளகாய் நெடி ஏறி, இருந்து இருந்து தும்மினார்.

அன்று மழை கனக்கத் தொடங்கியதும் அவர் வேனுக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து மாடு ஒன்று சாவகாசமாக உள்ளே நுழைந்து, கொய்யா மரத்தடியில் கால் மடித்துப் படுத்து அசைபோட ஆரம்பித்தது.

ஸஜீதா கடை வாசலில் நின்று வேனைப் பார்த்துக் கத்தினாள்: "மொதலாளி! குடி வந்தாச்சி! சுருக்கா லோயரக் கூப்புடுங்க, பழைய ஆளாப் போயிரும்!"

நல்லையா வேன் கண்ணாடியை இறக்கி "இஹ், இஹ்" என்று விரட்டினார். மாடு அவரை ஒருமுறை பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. சுதர்ஷினி அடுத்த பை மல்லியைக் கொட்டினாள்.